பழைய மாளிகையிற் புதிய கலை: கமரா கண்டதும் காட்டியதும்

புகைப்படக் கலை பிறந்த நாள்தொட்டே கட்டடங்களோடு நெருங்கிய உறவு பூண்டதாகும். 1839ஆம் ஆண்டிலே தாகேர் என்பாரின் முறை பாரிசில் உலகறிய வெளியிடப்பட்ட காலத்தில், ஒரு படம் பதிவதற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. மனிதன் அசைவான், குதிரை அசையும், மரத்தின் இலையுங்கூட அசையும். அசையாது நிற்பது கல்லொன்றே. ஆதலின் முதற் புகைப்படக்காரர் கல்லை நாடினர். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1851இல், பிரெஞ்சு அரசின் புராதனச் சின்னங்கள் ஆணைக்குழு பல்துஸ், பயார், லெ கிறே, லெ செக், மெஸ்த்ரால் என்னும் ஐவரைத் தெரிந்தெடுத்து, நாட்டின் பல பாகங்களுக்கும் அனுப்பி, சிதைந்துகொண்டிருந்த தேவாலயங்களையும் கோட்டைகளையும் படமெடுப்பித்தது. பழுதுபார்க்குமுன் கட்டடம் எவ்வாறிருந்தது என்பதற்குச் சான்று வேண்டுமென்பதே அதன் நோக்கம். அன்று கமரா கட்டடத்தின் சாட்சியாக அமர்த்தப்பட்டது.

இக்காலத்தில் அச்சாட்சிக்கு இன்னொரு கடமையும் வந்து சேர்ந்துள்ளது. ஐரோப்பாவின் பழைய அரண்மனைகளும் மடங்களும் பாலங்களும் இன்று உயிரோடிருக்கும் கலைஞரின் ஆக்கங்களுக்கு இடங்கொடுக்கின்றன. முந்நூறாண்டுக்கு முற்பட்ட ஓவியத்தின் கீழே நேற்று வார்த்த உருக்குச் சிற்பம் நிற்கின்றது. இதனை வரவேற்பாரும் உளர், பழித்துரைப்பாரும் உளர். இரு சாராருள்ளும் பெரும்பாலார் அக்காட்சியை நேரிற் கண்டவரல்லர், புகைப்படத்திற் கண்டவரே. வாதத்துக்கு அடிப்படையான சான்று முழுவதையும் ஒருவர் ஓரிடத்தில் நின்று, ஒரு நாழிகையைத் தெரிந்து, ஒரு வில்லையைப் பூட்டி ஆக்கித் தந்துள்ளார். எனவே, பழைய கட்டடத்துக்குப் புதிய கலை அணியா, அவமதிப்பா என்ற வினாவுக்கு விடை காண்பதற்கு முன்னர், அப்படம் எவ்வாறு ஆகின்றது என்பதை அறிதல் தக்கதாகும். அதற்கு வேர்சாய் அரண்மனையினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

நம் வரலாற்றுப் பாடநூல்களில் வேர்சேல்ஸ் என வழங்கும் இவ்வூர் பாரிசுக்குத் தென்மேற்கேயுள்ளது. பதின்மூன்றாம் லூயி 1623இல் அங்கே ஒரு சிறு வேட்டை மனை அமைத்தான். அவன் மகன் பதினான்காம் லூயி 1661 முதல் அதனை விரித்துக் கட்டுவித்து, 1682இல் அரசவை முழுவதையும் அங்கே குடியேற்றினான். 1678இல் தொடங்கி 1684இல் முடிந்த ஆடி மண்டபம் அதன் நடுநாயகம். நீளம் 73 மீற்றர். மேற்கே தோட்டத்தை நோக்கிப் பதினேழு சாளரங்கள். அவற்றின் எதிரே பதினேழு வளைவுகளில் 357 கண்ணாடித் தகடுகள். 1871இல் யேர்மன் பேரரசு பிரகடனப்படுத்தப்பட்டதும் 1919இல் உலக யுத்தத்தை முடித்த உடன்படிக்கை ஒப்பமிடப்பட்டதும் இம்மண்டபத்திலேயே.

இம்மாளிகை வசிப்பதற்கென்று கட்டப்பட்டது என்பதிலும், பார்க்கப்படுவதற்கென்று கட்டப்பட்டது என்பதே பொருந்தும். அரசன் தன் தோட்டத்தை எவ்வழியே சுற்றிக் காட்டவேண்டுமென்று தானே ஒரு வழிகாட்டி எழுதினான். 1689 முதல் அதனைப் பலமுறை திருத்தினான். எப்படியில் இறங்குவது, எங்கே நின்று திரும்பிப் பார்ப்பது, எங்கிருந்து நீரூற்றை நோக்குவது என்பனவெல்லாம் அதிற் கட்டளையாகவே கூறப்பட்டுள்ளன. ஒரு காட்சிக்கு உரிய நிலைப்புள்ளி ஒன்றுண்டு, அதனின்று விலகினாற் காட்சி குலையும் என்ற இவ்வறிவு புகைப்படக்காரனுக்கே உரியதென்று இன்று எண்ணப்படுகின்றது. கமரா பிறப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அரசன் அதனை அறிந்திருந்தான். பின்னாளில், 1901ஆம் ஆண்டளவில், அத்தே என்னும் புகைப்படக்காரர் கனத்த மரக் கமராவைச் சுமந்துகொண்டு இத்தோட்டத்துக்கு வரத் தொடங்கினார். அவர் படங்களில் அரசனுமில்லை, மக்களுமில்லை. பாசி படர்ந்த சிலைகளும் வெறுமையான படிகளுமே உள்ளன. காட்சிக்கென்று எழுப்பிய இடத்தைக் காண்பாரின்றிக் காட்டியதே அவர் செய்த புதுமை.

இத்தகைய இடத்துக்கு 2008ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்தில் அமெரிக்கச் சிற்பி ஜெஃப் கூன்ஸ் தம் பதினேழு ஆக்கங்களைக் கொண்டுவந்தார். விழாக்களிற் சிறுவருக்கு ஊதற்பையை முறுக்கிச் செய்து கொடுக்கும் நாய்ப் பொம்மையின் வடிவில், மூன்று மீற்றருக்கு மேல் உயர்ந்த, செங்கருநீல வண்ணம் பளபளக்கும் உருக்குச் சிற்பம் ஒன்று அவற்றுள் முதன்மையானது. அது எர்க்குலிசு மண்டபத்தில் வைக்கப்பட்டது. அம்மண்டபத்தின் விதானத்தில் லெமுவான் என்னும் ஓவியர் 1736இல் முடித்த ஓவியம் உண்டு. வீரன் எர்க்குலிசு தேவர் குழாத்திற் சேர்வதை 142 உருவங்களால் அது காட்டுகின்றது. சுவரிலே வெனிசு அரசு 1664இல் லூயிக்குப் பரிசளித்த வெரோனேசேயின் பெரும் ஓவியம் தொங்குகின்றது. இவற்றின் நடுவே ஊதற்பை நாய்! நாட்டின் மானம் போயிற்று என்று கூறி அரண்மனை வாயிலில் எதிர்ப்புக் காட்டியோர் இருந்தனர். அரச குடும்பத்தின் வழித்தோன்றலான இளவரசர் ஒருவர் காட்சியைத் தடுக்குமாறு வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. காட்சி அடுத்த ஆண்டு சனவரி வரை நீடித்தது.

அந்நாயின் படங்களுள் உலகெங்கும் பரவியவற்றை இருவகையாகப் பிரிக்கலாம். ஒருவகைப் படத்திலே நாய் மண்டபத்தை விழுங்கி நிற்கும். விதானமும் ஓவியமும் பின்னே சுருங்கிக் கிடக்கும். மற்றைவகையில் நாய் அடக்கமான ஒரு தளபாடம்போற் காணப்படும்; மண்டபமே அதனைத் தாங்கி ஆளும். சிற்பம் ஒன்றே, மண்டபம் ஒன்றே. வேறுபட்டது நின்ற தூரம் மாத்திரமே.

இதன் கணக்கு மாணவருக்கு எளிதில் விளங்கும். ஒரு சிற்பத்துக்கும் அதன் பின்சுவருக்கும் இடையே 5 மீற்றர் உள்ளதெனக் கொள்க. படமெடுப்பவர் சிற்பத்திலிருந்து இரண்டரை மீற்றரில் நின்றால், சுவர் அவருக்கு ஏழரை மீற்றரில் உள்ளது. அதாவது சிற்பத்தினும் மும்மடங்கு தொலைவு. சுவரிலுள்ள பொருள், சிற்பத்தின் அருகில் இருந்தாற் காணும் அளவில் மூன்றிலொரு பங்காகவே படத்திற் பதியும். அவரே அடுத்தடுத்த அறைகளின் வாயில்களூடாக 20 மீற்றர் பின்வாங்கி நின்றாற் சுவர் 25 மீற்றரில் உள்ளது, விகிதம் ஒன்றேகாலே. இப்பொழுது சுவரும் சிற்பமும் ஏறக்குறைய ஒரே அளவின. அகல்கோண வில்லை பொருளைப் பெருப்பிக்கின்றது என்றும் நெடுந்தொலை வில்லை நெருக்கிக் காட்டுகின்றது என்றும் கூறுவது வழக்கம். உண்மையில் இவ்வேலையைச் செய்வது தூரமே. அத்தூரத்தில் நிற்க வசதி செய்வதே வில்லையின் தொழில். அவமதிப்பென்று காட்ட விரும்பும் பத்திரிகை கிட்ட நின்று எடுத்த படத்தைத் தெரியும். இசைவென்று காட்ட விரும்பும் நிர்வாகம் எட்ட நின்று எடுத்ததைத் தெரியும். இரண்டும் பொய்யல்ல. ஆயின் இரண்டிலொன்றைச் சான்றாகக் கொண்டு தீர்ப்புக் கூறுபவர், தம்மையறியாமலே படமெடுத்தவர் நின்ற இடத்திற்குத் தலைவணங்குகின்றார்.

ஆடி மண்டபத்திற் சங்கடம் வேறு வகையானது. கூன்ஸ் அங்கே வைத்தது நீல வண்ணம் பூசிய, புடைத்த, வட்டமான உருக்குத் தகடு ஒன்று. திங்கள் என்பது அதன் பெயர். 1684இன் ஆடிகள் தகரமும் பாதரசமுங் கலந்த பூச்சுடையவை. அவை தரும் பிம்பம் சற்றே மங்கியது. புதிய உருக்கோ சிறு விளக்கையும் கூர்மையாகத் திருப்பித் தருவது. புடைத்த ஆடியாதலின் மண்டபம் முழுவதையும் தன்னுள் வளைத்துச் சிறிதாக்கிக் காட்டியது. பழைய ஆடிகளிலோ அந்நீல வட்டமே திரும்பத் திரும்பத் தோன்றியது. ஒன்றையொன்று விழுங்கும் இரு பாம்புகள்போல இவை அமைந்தன. படமெடுப்பவர் இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்கின்றார். எங்கே முக்காலியை ஊன்றினாலும் ஓர் ஆடியில் அவரும் அவர் கருவியும் விழுவர். சாய்ந்து நின்று தப்பலாம். பின்னர் திருத்தி அழிக்கலாம். அல்லது தம் உருவம் புள்ளியாக விழுவதை ஒப்புக்கொள்ளலாம். கடைசி வழியே நேர்மையானதென்று தோன்றுகின்றது. ஆயினும் அச்சிட்ட படங்களில் ஆளரவமற்ற மண்டபமே மிகுதியாகக் காணப்படுகின்றது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் நெருங்கி நடக்கும் இடத்தை, அத்தே கண்ட தனிமையில் இவர்களும் காட்டுகின்றனர். அதற்காக வாயில் திறக்குமுன்னோ மூடிய பின்னோ படமெடுக்க வேண்டும். பொதுமக்களோ முக்காலி ஊன்றவும் மின்னொளி பாய்ச்சவும் அங்கே அனுமதிக்கப்படுவதில்லை.

ஒளியின் வேறுபாடு மற்றோர் இடர். மேற்குச் சாளரங்கள் வழியே பிற்பகலிற் புகும் வெயில் மிக வலியது; உட்சுவர்களின் நிழலோ ஆழ்ந்தது. மனிதக் கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரும்போது கருவிழி சுருங்கியும் விரிந்தும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கமராவுக்கு அத்திறன் ஒரே கணத்தில் இல்லை. சாளரத்துக்கு அளந்தாற் பொற்சிற்பம் இருளும். சிற்பத்துக்கு அளந்தாற் சாளரம் வெளிறிப்போகும். வெயிலின் நீலமும் விளக்கின் மஞ்சளும் ஒரே சுவரிற் கலக்கும். பழைய ஓவியமும் பொன்முலாமும் இக்கலப்பை அமைதியாக ஏற்கும். மெருகிட்ட உருக்கு ஏற்காது, ஒவ்வொரு விளக்கையும் வெண்புள்ளியாகச் சுடர்விக்கும். ஆதலாற் புதிய சிற்பத்துக்கு ஒளியை ஒழுங்கு செய்யப் புகுந்தால் பழைய மண்டபம் மங்குகின்றது. இவற்றுள் எது வெல்லவேண்டுமென்று முடிவு செய்யாமல் ஒருவர் கமராவை இயக்க இயலாது.

கூன்சின் காட்சியை ஆதரித்தோர் ஒரு வாதத்தைப் பெரிதும் எடுத்துரைத்தனர்: பதினான்காம் லூயியும் தன் காலத்துக் கலைஞரையே அழைத்தான், லெ பிறன் தீட்டிய விதானம் அன்று புத்தம்புதியது, ஆகவே இன்றைய கலையை இங்கு வைப்பது மரபைத் தொடர்வதேயாகும். கேட்பதற்கு இனிய வாதமே, எனினும் அரைகுறையானது. லெ பிறன் அவ்விதானத்துக்கென்றே, அதன் வளைவையும் சாளர ஒளியையும் கணித்து வரைந்தார். ஊதற்பை நாயோ வேறெங்கோ நிற்பதற்குச் செய்யப்பட்டு, சில மாதங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. மேலும், அவ்வாக்கங்களுட் சில பினோ என்னும் பெருவணிகரின் உடைமை. அரண்மனையின் அன்றைய தலைவர் எய்யகோன் முன்னர் வெனிசில் அவ்வணிகரின் கலைக்கூடத்தை நடத்தியவர். அதனால் எழுந்த ஐயத்தைப் பத்திரிகைகள் வெளிப்படையாகவே எழுதின. அரண்மனை விதானத்தின் கீழே எடுத்த படம் ஒரு சிற்பத்துக்கு எத்தகைய நற்சான்றிதழ் என்பதை விற்பனைப் பட்டியல் அச்சிடுவோர் நன்கறிவர். வீரன் எர்க்குலிசு தேவரானது போல, பொம்மையும் அங்கே உயர்பதம் அடைகின்றது. விலை உடன் ஏறுகின்றது.

பின்வந்த ஆண்டுகளில் ஒவ்வொரு கலைஞராக அழைக்கப்பட்டனர். 2010இல் யப்பானியரான முரகாமி வந்தபோது பழைய கூக்குரலே மீண்டும் எழுந்தது. 2012இற் போர்த்துக்கேயரான யுவானா வாஸ்கொன்செலூஸ், சமையற் பாத்திரங்களையும் மூடிகளையும் இணைத்துச் செய்த பேருருவான ஒரு சோடிப் பெண்காலணியை ஆடி மண்டபத்தில் நிறுத்தினார். அடுக்களையையும் அரசவையையும் ஒருங்கே நினைப்பூட்டிய அவ்வாக்கம், இடத்தோடு பேசத் தெரிந்தது.

தோட்டத்தில் அமைந்தவற்றுட் சில அவ்விடத்துக்கென்றே ஆக்கப்பட்டவை. அவை முழுமையாய் வேறு இனத்தைச் சேர்ந்தவை. 2011இல் பெர்னார் வெனே, வாயில் முற்றத்திலுள்ள லூயியின் குதிரைச் சிலைக்கு இருபுறமும் 22 மீற்றர் உயர்ந்த உருக்கு வில்களை நிறுத்தினார். 2014இற் கொரியரான லீ உஃபான் பெருங்கற்கள் இரண்டின் நடுவே உருக்கு நாடா ஒன்றை வளைத்துத் தோரணமாக்கினார். அதன் கீழே நின்றால் புல்வெளியும் பெருங்கால்வாயும் ஒரு சட்டத்துள் அமைந்தன. 2016இல் ஒலாவூர் எலியாசன் பெருங்கால்வாயின் நடுவே இரும்புச் சாரத்தால் ஒரு கோபுரம் எழுப்பி அதன் உச்சியிலிருந்து நீரை விழச் செய்தார். அரண்மனையின் நடுக்கோட்டில் நின்று நோக்கினாற் சாரம் விழும் நீருக்குப் பின்னே மறைந்து, வானத்திலிருந்தே அருவி இறங்குவதாகத் தோன்றியது. பக்கத்துக்குச் சென்றால் இரும்பு வெளிப்பட்டது. லூயியின் நீரூற்றுகளுக்கு என்றுமே நீர் போதவில்லை. செயின் ஆற்றிலிருந்து நீரேற்றுவதற்குப் பதினான்கு பெருஞ்சில்லுகள் கொண்ட பொறியொன்று மார்லியில் 1684இல் முடிக்கப்பட்டும் குறை தீரவில்லை. அரசன் நெருங்கும்போது ஊற்றுகளைத் திறந்து, கடந்ததும் அடைத்து ஏமாற்றினர். எலியாசனின் அருவியும் அவ்வாறே நிலைப்புள்ளியை நம்பிய ஒரு மாயம். அதனைப் படமெடுத்தோர் இரு கட்சியாயினர். நடுக்கோட்டில் நின்றோர் அற்புதத்தைக் காட்டினர். விலகி நின்றோர் பொறியைக் காட்டினர். கலைஞர் இரண்டையும் காண இடம்விட்டிருந்தமையால் ஈண்டுப் படம் எதனையும் காட்டிக்கொடுக்கவில்லை.

இடத்துக்கென்று ஆக்கியது நன்று, பெயர்த்துக் கொணர்ந்தது தீது என்று இதனால் விதி வகுத்துவிடலாமோ எனின், அதுவும் இயலாது. 2015இல் அழைக்கப்பட்டவர் பம்பாயிற் பிறந்து இலண்டனில் வாழும் அனிஷ் கபூர். அவர் வளைந்த உருக்கு ஆடி ஒன்றை மாளிகையின் எதிரே நிறுத்தினார். அதன் குழிந்த பக்கத்தில் அரண்மனை தலைகீழாகத் தொங்கியது; குடைபிடித்து வந்தோரும் தலைகீழாக நடந்தனர். அது வேர்சாய்க்கென்று செய்யப்பட்டதன்று, 2007இல் ஆக்கப்பட்டது. இன்னொன்று, செந்நிற மெழுகுக் குண்டுகளை ஒரு மூலையை நோக்கிச் சுடும் பீரங்கி. அதுவும் பழையதே, முன்னரே வேறிடங்களிற் காட்டப்பட்டது. ஆயின் கபூர் அதனை வைத்த இடம் பழைய பந்தாட்ட மண்டபம். 1789 யூன் 20ஆந் தேதி, அரசியலமைப்பு ஒன்று பெறும்வரை கலையோம் என்று பிரெஞ்சு மக்கட் பிரதிநிதிகள் சூளுரைத்த இடம் அது. அவர்களின் சிலைகள் சூழ நிற்க, வெண்சுவரிலே செந்நிறம் சிதறி வழிந்தது. புரட்சி பின்னர் சிந்திய குருதியை எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பெயர்த்துக் கொணர்ந்த பொருளே அவ்விடத்துக்கென்று பிறந்ததுபோலாயிற்று. புகைப்படக்காரருக்கு அங்கே ஒரு தோல்வி காத்திருந்தது: பீரங்கியின் ஓசையும் அதற்கு முந்திய காத்திருப்பும் படத்தில் விழமாட்டா. கறையை மாத்திரமே அது காட்டும்.

கபூரின் ஆக்கங்களுள் மிகப் பெரியது புல்வெளியிற் கிடந்த, 60 மீற்றர் நீளமான, துருவேறிய உருக்குக் குழல். பெருங்கற்களும் மண்ணும் அதனைச் சூழ்ந்தன. அதன் வடிவத்தைப் பற்றிக் கலைஞர் கூறியதாகப் பத்திரிகை வெளியிட்ட ஒரு சொல் பகையை மூட்டியது. யூன் மாதத்தில் அதன்மேல் மஞ்சள் மை வீசப்பட்டது. செத்தெம்பரில் யூதரை இழிக்கும் வாசகங்களை எவரோ வெண்மையால் எழுதினர். கபூரின் தாய் யூத குலத்தவர். அவ்வாசகங்களை அழிக்கமாட்டேன், சகிப்பின்மையின் சான்றாக அவை இருக்கட்டும் என்று கபூர் அறிவித்தார். நகரசபை உறுப்பினர் ஒருவர் முறையிட, அவ்வெழுத்துகளைப் பொதுமக்கள் கண்ணுக்கு மறைக்குமாறு நீதிமன்றம் கட்டளையிட்டது. கபூர் அவற்றின்மேற் பொற்றகடு ஒட்டுவித்தார். அரசனின் பொன் இவ்விதம் திரும்பிவந்தது. அடியில் எழுத்து இருப்பதைப் பொன்னின் கிழிந்த விளிம்புகளே அறிவித்தன.

இங்கே 1851இன் கடமை மீண்டும் தோன்றுகின்றது. எழுதப்பட்டது யாது என்பதைப் புகைப்படமே இன்று வைத்திருக்கின்றது. அப்படங்களை அச்சிடுதல் தகுமா? அச்சிட்டால் இழிமொழி ஊரெங்கும் பரவுகின்றது. மறைத்தாற் குற்றம் அழகிய பொன்னாகிவிடுகின்றது. சில பத்திரிகைகள் எழுத்துகள் வாசிக்கவொண்ணாத தூரத்தில் நின்று எடுத்த படங்களைத் தெரிந்தன. நிற்கும் தூரம், முன்பு அழகியல் வினாவாயிருந்தது, இவ்விடத்தில் அறவினாவாயிற்று.

கட்டடத்தினுள் கலையை வைக்காமல், கட்டடத்தையே மூடிக் கலையாக்கிய இருவரையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். பல்கேரியாவிற் பிறந்த கிறிஸ்தோவும் அவர் மனைவி ஜான் குளோட்டும் அவர்கள். அவர்களின் வேலை தொடக்கம் முதல் முடிவு வரை புகைப்படத்தில் ஊன்றியது. பாரிசில் ஏதுமற்ற அகதியாய் வாழ்ந்த கிறிஸ்தோ, 1962இல், வெற்றி வளைவு துணியாற் பொதியப்பட்டதுபோல் ஒரு படத்தை ஒட்டிணைத்து ஆக்கினார். 1985இல், பாரிசின் மிகப் பழைய பாலமாகிய பொன் நெஃப், ஏறக்குறைய 40,000 சதுர மீற்றர் பொன்னிறத் துணியாற் பதினான்கு நாள் போர்த்தப்பட்டது. அனுமதிக்காகப் பத்தாண்டு அலைந்திருந்தனர்.

பேர்ளின் நகரத்து றைக்ஸ்டாக் கட்டடத்தின் கதை இன்னும் நெடியது. 1971இல் நண்பர் ஒருவர் அனுப்பிய படத் தபாலட்டையிலிருந்து அவ்வெண்ணம் பிறந்தது. அக்கட்டடம் ஏற்கெனவே புகைப்படத்தால் உலகறிந்தது. 1945 மே மாதம் சோவியத் படைவீரர் அதன் உச்சியிற் கொடி நாட்டும் கல்டேயின் படத்தைக் காணாதவர் சிலரே. கொடி நாட்டுதல் படத்துக்காகவே நடத்தப்பட்டது என்பதும், வீரர் ஒருவரின் கைக்கடிகாரம் பின்னர் அழிக்கப்பட்டது என்பதும், புகை சேர்க்கப்பட்டது என்பதும் இன்று யாவரும் அறிந்தவை. அத்தகைய கட்டடத்தைப் போர்த்தலாமா என்று யேர்மன் பாராளுமன்றமே 1994 பெப்ருவரியில் விவாதித்து, 292 வாக்குகள் சார்பாகவும் 223 எதிராகவும் அளித்தது. ஒரு கலைப்பொருள் பிறக்குமுன்னர் நாட்டின் மக்களவை அதன்மேல் வாக்களித்த செய்தி கலை வரலாற்றில் மிக அரிது. 1995 யூன் 24 முதல் இரு வாரம் வெள்ளிநிறத் துணி ஒரு லட்சம் சதுர மீற்றர் அக்கட்டடத்தை மூடியது. ஐம்பது லட்சம் மக்கள் வந்து பார்த்தனர். நுழைவுக் கட்டணமில்லை, செலவு முழுவதையும் கிறிஸ்தோ தம் வரைபடங்களை விற்றே ஈடுசெய்தார்.

துணி போர்த்தலால் என்ன நேர்ந்தது? படமெடுப்போர் நன்கறிந்த ஒன்றே நேர்ந்தது. மூடுபனிக் காலையில் ஒரு கட்டடத்தைப் படமெடுத்தால் செதுக்கு வேலையும் சாளரமும் மறைந்து, திணிவும் விகிதமும் மாத்திரம் எஞ்சும். துணியும் அவ்வாறே செய்தது. அதன்மேல் அலுமினியம் பூசப்பட்டிருந்தமையால் நண்பகலில் வெள்ளியும் மாலையிற் பொன்னும் முகிற்பொழுதிற் சாம்பலுமாக வானின் நிறத்தை அது வாங்கிக்கொண்டது. அசையாத கல்லை நாடிச் சென்ற கமராவுக்கு முதன்முறையாகக் கட்டடம் காற்றில் அசைந்தது. இவ்வாக்கங்களை 1970களின் தொடக்கம் முதல் படமெடுத்தவர் யேர்மனியரான வுல்ஃப்காங் ஃபோல்ட்ஸ். றைக்ஸ்டாக் வேலையை நடத்திய தலைவர்களுள்ளும் அவர் ஒருவர். இரு வாரத்தின் பின் துணி கழற்றப்பட்டது. இன்று அதனைக் காண விரும்புவோர் படங்களிலன்றி வேறெவ்வாறும் காண்பதற்கில்லை. ஜான் குளோட் 2009இலும் கிறிஸ்தோ 2020 மே மாதத்திலும் மறைந்தனர். வெற்றி வளைவை மூடும் வேலை, முதலில் அதில் வந்து கூடுகட்டும் வல்லூறுகளுக்காகவும் பின்னர் நோய்த்தொற்றாலும் ஒத்திவைக்கப்பட்டு, 2021 செத்தெம்பரில் நிறைவேறியது. 25,000 சதுர மீற்றர் துணியும் 3,000 மீற்றர் சிவப்புக் கயிறும் வளைவைச் சூழ்ந்தன. அதன் கீழே பெயரறியாப் போர்வீரனின் கல்லறைச் சுடர் வழக்கம்போல் எரிந்தது. 1962இல் ஒட்டிணைத்த பொய்ப்படத்தை 2021இன் மெய்ப்படத்துக்கு அருகில் வைத்துப் பார்ப்போர், எது முந்தியது என்று ஒரு கணம் மயங்குவர்.

வேர்சாய்க்குப் புகைப்படக்காரர் ஒருவரே கலைஞராக அழைக்கப்பட்டது 2018இல் ஆகும். அவர் யப்பானியரான இரோசி சுகிமோத்தோ. 1997 முதல் அவர் புகழ்பெற்ற கட்டடங்களை வேண்டுமென்றே குவியம் தவறவிட்டு, மங்கலாகவே படமெடுத்து வந்தவர். அவ்வளவு மங்கியபின்னும் அடையாளம் காணப்படும் கட்டடமே வலிய வடிவமுடையது என்பது அவர் கொள்கை. அரண்மனையின் பொன் மண்டபங்களை அவர் நாடவில்லை. தோட்டத்தின் கோடியிலுள்ள திறியானோன் சிறுமாளிகையைத் தெரிந்தார். மெழுகுப் பொம்மைகளை உயிருள்ளவர்போற் படமெடுத்த தம் கறுப்பு வெள்ளைப் படங்களை அங்கே தொங்கவிட்டார்.

அவற்றுள் ஒன்று பதினான்காம் லூயியின் பக்கமுகம். 1705ஆம் ஆண்டளவில் அந்துவான் பெனுவா என்னும் கைவினைஞர் மெழுகிற் செய்து, மெய்யான மயிரும் கண்ணாடிக் கண்ணும் பதித்த முகம் அது. இன்றும் அரண்மனையில் உள்ளது. ஏனைய ஓவியங்கள் பலவற்றில் அரசன் இளமையோடிருப்பான். இம்மெழுகிலோ அம்மைத் தழும்பும் தளர்ந்த கன்னமும் உண்டு. சுகிமோத்தோ அதன் பின்னணியைக் கருமையாக்கி, ஒருபுறமிருந்து ஒளி செலுத்தி, பெருந்தகட்டுக் கமராவாற் படமெடுத்தார். கமரா பிறப்பதற்கு 124 ஆண்டுகளுக்கு முன்னரே இறந்த அரசன், அறுபத்தேழு வயதின் களைப்போடு, படமெடுப்பவர் முன் வந்து அமர்ந்தவன்போல் அதிற் காணப்படுகின்றான்.